திருத்தாத பிரதி

புள்ளலூரின் மிகப் பெரிய படம் புள்ளலூரில் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில், தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள இந்த ஊரின் வயல்வெளியில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பெனிப் படையைச் சூழ்ந்து நொறுக்கினார்கள். 1784இல் எழுந்த திப்புவின் கோடை மாளிகையில் அந்த ஒரு நாள் சுவர் நிறைய வரையப்பட்டது. காயம்பட்ட பெய்லி பல்லக்கில் இருக்கிறார். கும்பெனிக் காலாட்படை சதுரம் கட்டி நிற்கிறது. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது.

ஆனால் இன்று அந்தச் சுவரில் நாம் பார்ப்பது 1784இன் தூரிகை அல்ல. ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடும் முன்பே ஓவியம் சிதைக்கப்பட்டிருந்தது. திப்பு வீழ்ந்த பின் அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அதைப் புதுப்பிக்க வைத்தார். பிறகு சுண்ணாம்பு பூசப்பட்டு ஏறக்குறைய மறைந்தேபோனது. 1855இல் அங்கே வந்த கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி, அசலைப் பார்த்த ஞாபகமுள்ள ஓவியர் ஒருவர் மைசூரில் உயிரோடு இருப்பதை அறிந்து, மறுபடியும் வரையச் செய்தார். ஆக, நாம் போய் நின்று பார்ப்பதில் எந்தக் குதிரையின் கால் 1784ஐச் சேர்ந்தது, எந்த முகம் 1855ஐச் சேர்ந்தது என்று பிரிக்க வழியில்லை. திருத்தியவர்கள் திருத்தியதைக் குறித்து வைக்கவில்லை. காகிதத்தில் வரைந்த பிரதிகளும் உண்டு. பத்துத் தாள்களில் ஏறத்தாழ 32 அடி ஓடும் ஒன்று 2022 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது.

புள்ளலூருக்கு 1780ஐவிட மூத்த போர் ஒன்றும் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முக்கியப் பகைவரை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடும் ஐஹொளே கல்வெட்டோ, பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டான் என்கிறது. 634ஐ ஒட்டிய அந்தக் கல்வெட்டை எழுதியவர் ரவிகீர்த்தி. இரண்டையும் ஒரே போர்த்தொடரின் இரண்டு பக்கங்களாக வரலாற்றாசிரியர்கள் படிக்கிறார்கள். கல்லும் செம்பும் நூற்றாண்டுகளைத் தாண்டி வந்துவிட்டன. அவற்றில் கோணல் இருந்தால் அது பொறிக்கச் சொன்னவர்களுடையது.

மேற்சொன்ன பதிவுகளில் எதையும் ஊர் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அரசர்கள் செய்துகொண்டார்கள். ஊரில் நிற்கும் இரண்டு நினைவுத் தூண்கள்கூட 1781 ஆகஸ்ட் 27 அன்று, அயர் கூட் ஹைதரோடு மறுபடி மோதியபோது இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கானவை. இந்த வட்டாரத்து ஊர்கள் தம்மைத் தாமே பதிவு செய்துகொண்ட முதல் கருவி எது என்று கேட்டால், கல்யாண வீடியோக்காரரின் தோள்கேமரா என்றுதான் சொல்வேன். அதிலிருந்து இறங்கிய வி.எச்.எஸ். கேசட்டுகளை லினக்ஸ் கணினிக்கு மாற்றும் வேலையை நான் சில காலமாகச் செய்துவருகிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று வருகின்றன. அவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு பாரதக் கூத்து வரும். அன்று வேறு வேலையை எடுக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கி பாரதம் படிப்பார், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, துகில், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒன்றாக ஏறி, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் முடியும். கர்ண மோட்சத்தைக் காரியத்துக்கும் வைப்பார்கள். செத்தவருக்காகக் கர்ணன் சாவதை வீடே உட்கார்ந்து பார்க்கும். ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிப் பகுதியின் பாரத விழாக்களைப் பற்றி 1988இல் நூல் எழுதினார், வீடியோ ஆவணமும் எடுத்தார். 1990இல் காஞ்சிபுரம் பக்கத்தில் கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார். ஹன்னே டி புருயின் அந்தக் கலையைப் பற்றி ஆய்வுநூல் எழுதினார். புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை சங்கத்தின் குருகுலம் நடந்தது. ஆனால் எந்த ஆய்வாளரும் வராத ஓர் ஊரில், எந்தச் சங்கத்திலும் சேராத ஒரு கூத்து ஜமா கர்ண மோட்சம் ஆடிய ஓர் இரவு, ஆடியவர் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பீரோவின் மேல்தட்டில் மூன்று கேசட்டுகளாக மிஞ்சியிருக்கிறது. வேறு பிரதி கிடையாது. இந்தக் கேசட்டை நான் எப்படிக் கணினிக்குள் கொண்டுபோகிறேனோ அப்படித்தான் இனி அந்த இரவு இருக்கும். டல்ஹவுசியின் ஓவியர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. அவருக்கு ஞாபகமாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. நான் அந்தக் கூத்தைப் பார்த்ததில்லை.

படம் சரியில்லை என்பது இந்த வேலையில் தினமும் கேட்கும் சொல். முதலில் கண்ணில் படுவதையே எல்லோரும் குற்றம் சொல்வார்கள்: டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் கார்டு. சென்னை ரிச்சி தெருவில் மலிவாக வாங்கியது, அப்படித்தான் இருக்கும் என்பார்கள். என் அனுபவத்தில் கார்டு கடைசியில் சந்தேகிக்க வேண்டிய ஆள். கேமராவின் விளக்கு, டேப்பின் வயது, டெக்கின் தலை, வயர், வீட்டு மின்சாரம், கார்டின் சில்லு, கெர்னல் டிரைவர், அதன் அமைப்புகள், பதிவு செய்யும் மென்பொருள், கடைசியாகப் பார்க்கும் திரை என்று வரிசை நீளம். இவற்றில் ஒவ்வொன்றும் படத்தைக் கெடுக்கும், ஒவ்வொன்றும் வேறு மாதிரி கெடுக்கும். கெட்ட விதத்தைப் பார்த்தே எங்கே கெட்டது என்று சொல்லிவிடலாம். ஆகவே கெட்டதைச் சரிசெய்யும் முன் அதை நன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பெரியம்மா பக்கத்தில் அமர்ந்து தன் வீட்டுக் கேசட் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் அடியில், கடைசிச் சில வரிகள் கிழிந்து ஒரு பக்கமாக இழுபட்டு ஓடின.

“இந்தக் கீழ்க்கோடு அப்ப இல்லியே தம்பி. உன் மிசினுதான் கெடுக்குது.”

“அப்பவும் இருந்துதும்மா. டிவியில ஓரம் மறைஞ்சிடும், தெரியாது.”

அவர் நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான். வி.எச்.எஸ். டெக்கின் உருளை நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறையில் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. அதில் எதிரெதிராக இரண்டு தலைகள். ஒரு தலை டேப்பைவிட்டு விலகும் கணத்தில் அடுத்தது தொடங்கும். அந்தக் கைமாற்றம் ஒவ்வொரு முறையும் படத்தின் அடிவரிகளில்தான் விழும்படி வடிவமைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பழைய குழாய் டிவி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். கணினி எதையும் மறைக்காது. 576 வரிகளையும் கொண்டுவந்து காட்டும். அந்தக் கீழ்க்கோடு டெக்கின் நாடித்துடிப்பு, பிழை அல்ல. டேப்பிலிருந்து எடுக்கும் மூலக் கோப்பில் நான் அதை வெட்டுவதில்லை.

இன்னொன்றும் அதே ரகம். அர்ச்சுனன் வேஷக்காரர் சுழன்று ஆடும்போது அவருடைய புஜக்கட்டையின் விளிம்பு சீப்புப் பல்லாகப் பிரியும். நின்றால் சேர்ந்துவிடும். ஒரு நொடிக்கு 25 படம் என்று நாம் சொன்னாலும், அந்தக் கேமரா பதிந்தது 50 அரைப்படங்கள்: முதலில் ஒற்றைப்படை வரிகள், 20 மில்லிநொடி கழித்து இரட்டைப்படை வரிகள். அந்த 20 மில்லிநொடியில் ஆட்டக்காரரின் கை நகர்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே படமாக அடுக்கினால் பல் தெரியத்தான் செய்யும். பல நகரத்துக் கடைகளில் இதற்குச் செய்யும் வைத்தியம் ஓர் அரைப்படத்தைத் தூக்கியெறிவது. பல் போய்விடும்; கூடவே ஆட்டத்தின் பாதி அசைவும் போய்விடும். கூத்தில் அடவு என்பது அந்த அரைப்படங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் பிடபிள்யூடிஃப் போன்ற வடிகட்டி 50 அரைப்படங்களையும் 50 முழுப்படங்களாக விரிக்கும். அதையும் பார்ப்பதற்கான பிரதியில் மட்டுமே செய்ய வேண்டும். காப்புப் பிரதியில் பல் பல்லாகவே இருக்கட்டும். எந்த அரைப்படம் முதலில் என்பதை மட்டும் குறித்துவைக்க வேண்டும். அது தலைகீழானால் ஆட்டக்காரர் முன்னுக்கும் பின்னுக்குமாக வெட்டி வெட்டி நகர்வார்.

லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் சொல்லும் காரணம் இலவசம் என்பது மட்டுமல்ல. வேறு கணினிகளில் கார்டோடு வரும் நிரல் ஒரு பொத்தானைக் காட்டும், படத்தைக் கொடுக்கும், நடுவில் என்ன செய்தது என்று சொல்லாது. லினக்ஸில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே பிடித்துப் பார்க்கலாம். வீடியோ ஃபார் லினக்ஸின் இரண்டாம் வடிவம் 2002இல் கெர்னலுக்குள் வந்தது. பழையது 2011இல் நீக்கப்பட்டது. எந்தக் கார்டானாலும் அதன் திருகுகளை ஒரே முறையில் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. வி4எல்2-சிடிஎல் என்ற சிறு கட்டளை கார்டிடம் கேட்டு ஒரு பட்டியல் தரும்: எந்த உள்ளீடு, எந்த ஒளிபரப்பு முறை, வெளிச்சம் எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று. அந்தப் பட்டியலைப் படிப்பதிலேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

உதாரணமாக, கருப்பு வெள்ளையாக, மேலும் கீழும் உருளும் படம். டேப் போய்விட்டது என்று முடிவுகட்டுவார்கள். பட்டியலைப் பார்த்தால் முறை என்.டி.எஸ்.சி. என்றிருக்கும். அது அமெரிக்க, ஜப்பானிய ஏற்பாடு: 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படம். நம்முடையது 625 வரி, 50. சில டிரைவர்கள் செருகியவுடன் என்.டி.எஸ்.சி.யில்தான் எழும், எஸ்.டி.கே.1160 என்ற சில்லின் டிரைவர் அப்படிப்பட்டது. ஒரு வரியில் பால் என்று மாற்றினால் கர்ணனுக்கு நிறம் வந்துவிடும்.

அந்த மலிவு யூஎஸ்பி கார்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈசிகேப் என்ற பெயரில் ஒரே மாதிரிக் கூட்டுக்குள் நான்கு வேறு சில்லுகள் வந்தன: சின்டெக், எம்பியா, ஃபுஷிகாய், சோமாஜிக். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் எட்டு இலக்க அடையாளத்தைத்தான் நம்ப வேண்டும். சின்டெக்குக்கான டிரைவர் 2012இல் 3.7 கெர்னலோடும், ஃபுஷிகாய்க்கானது 2013இல் 3.11 கெர்னலோடும் வந்தன. இரண்டும் தயாரிப்பாளர் கொடுத்தவை அல்ல. கையில் கார்டை வைத்துக்கொண்டு அது யூஎஸ்பி வயரில் என்ன பேசுகிறது என்று கவனித்துக் கவனித்து எழுதினார்கள். சோமாஜிக்குக்கு இன்றுவரை கெர்னலுக்குள் இடம் கிடைக்கவில்லை. இந்த உழைப்பை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. அவர்கள் யாருக்கும் காஞ்சிபுரம் தெரியாது, கூத்து தெரியாது. அவர்கள் எழுதிய சில ஆயிரம் வரிகளின் வழியாகத்தான் இந்த இரவுகள் வெளியே வருகின்றன.

பழைய பிசிஐ கார்டுகளில் எனக்குப் பிடித்தவை பிடி878 சில்லு உள்ளவை. ஒரு காலத்தில் கணினியில் டிவி பார்ப்பதற்காக ஊரெல்லாம் விற்றவை அவை. அவற்றின் டிரைவர் மறைவாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. திருகுகளின் பெயர்களைக் கேளுங்கள்: ஏஜிசி கிரஷ், ஒயிட்கிரஷ், கோரிங், விசிஆர் ஹேக், முழு ஒளிவீச்சு. ஒவ்வொன்றும் படத்தின் மேல் சில்லு எடுக்கும் ஒரு தீர்மானம். கோரிங் என்பது கருப்பை ஒட்டிய மங்கலான அளவுகளை எல்லாம் கருப்பே என்று தள்ளிவிடுவது. டிவி நிகழ்ச்சிக்கு அது நல்லது, இரைச்சல் குறையும். கூத்தில் அது என்ன செய்யும்? வீடியோ லைட் எட்டும் தூரம் ஆடுகளத்தின் நடுப்பகுதி மட்டும்தான். அதற்கு அப்பால் அரை இருட்டில் மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும், அவர்களுக்கும் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்த சனமும். கோரிங்கை ஏற்றினால் சனம் காணாமல்போகும். அந்தக் குடும்பம் தேடுவது பெரும்பாலும் அந்த அரை இருட்டில் மடியில் குழந்தையோடு இருக்கும் ஒருத்தியைத்தான். விசிஆர் ஹேக் இதற்கு நேரெதிர்: வரிகள் ஒழுங்காக வராத டேப்புக்குச் சில்லை விட்டுக்கொடுக்கச் சொல்வது. அதை இயக்கியே வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்தின் உச்சியிலும் இதே கவனம் வேண்டும். டிஜிட்டல் வீடியோவில் கருப்பு 16, வெள்ளை 235. பழைய கேமராக்கள் உச்சியை மதிப்பதில்லை; கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லில் விளக்கு பட்டுத் தெறிக்கும்போது 235ஐத் தாண்டும். கார்டு தானாக வைக்கும் கான்ட்ராஸ்டில் அந்த இடமெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். பதிந்த பிறகு வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகும், கண்ணாடி திரும்பி வராது. ஆகவே பதிவுக்கு முன்னால், டேப்பின் மிக வெளிச்சமான இடத்தை ஓடவிட்டு, அலைவடிவத்தை எஃப்எஃப்எம்பெக்கில் பார்த்துக்கொண்டே கான்ட்ராஸ்டைக் குறைக்கிறேன். படம் சோகையாகத் தெரியும். தெரியட்டும். உள்ளே எல்லாம் இருக்கிறது.

அரிதாரத்துச் சிவப்பு கன்னத்தைவிட்டு வழிந்து காதுவரை போவதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. வி.எச்.எஸ். நிறத்தை வெளிச்சத்திலிருந்து பிரித்து, மிகக் குறுகிய இடத்தில், கீழ் அதிர்வெண்ணில் திணித்து எழுதுகிறது; குறுக்கே 40 கோடு அளவுக்குத்தான் நிறத்துக்குத் துல்லியம், வெளிச்சத்துக்கு 240. சிவப்பு வழிவது டேப்போடு பிறந்தது. எஸ்-வீடியோ வயர் போட்டால் புள்ளி ஊர்வது குறையும், வழிவது நிற்காது.

மின்சாரம் தனிக் கதை. படத்தின் குறுக்கே அகலமான மங்கல் பட்டை ஒன்று மெல்ல ஏறிக்கொண்டே போனால் அது கார்டின் குறை அல்ல, எர்த் குறை. நம் மின்சாரம் நொடிக்கு 50 துடிப்பு, நம் வீடியோ நொடிக்கு 50 அரைப்படம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பட்டை நகர்வது தெரியாத வேகத்தில் நகரும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; பட்டை போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. கிராமத்தில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பம்புசெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது படத்தில் வெள்ளைக் கீற்றுகள் தெறிக்கும். நெல் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நான் கேசட் ஓட்டுவதில்லை.

நெளிவுதான் கடினமானது. தூண் நேராக இல்லாமல் கொடியாக நெளியும். படத்தின் தலைப்பகுதி ஒரு பக்கம் வளையும். டேப் நீண்டிருக்கிறது, ஒவ்வொரு வரியும் தன் நேரத்தில் வருவதில்லை. குழாய் டிவி அதைப் பொறுத்துக்கொண்டு பின்தொடரும். கார்டின் சில்லு கடிகாரம் பார்க்கும். தாமதமானால் படத்தையே விட்டுவிடும். விட்ட படங்கள் சேரச்சேர, மூன்று மணி நேரக் கேசட்டின் முடிவில் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இதற்கு நேரத்தைச் சீர்செய்யும் கருவி நடுவில் வேண்டும். பானாசோனிக்கின் டி.எம்.ஆர். ஈ.எஸ்.10, ஈ.எஸ்.15 ஆகிய பழைய டிவிடி ரெக்கார்டர்களில் பதிவே செய்யாமல், உள்ளே விட்டு வெளியே எடுத்தால் வரிகள் நேராகின்றன என்பது உலகெங்கும் இந்த வேலை செய்பவர்கள் கண்ட வழி. ஆனால் அவையும் கொஞ்சம் இரைச்சலை மழிக்கும். நெளிவா, மழிப்பா என்று ஒவ்வொரு கேசட்டுக்கும் தீர்மானிக்க வேண்டும். எடுத்த தீர்மானத்தை எழுதி வைக்க வேண்டும்.

படம் விட்டுப்போவதற்கு எளிய காரணமும் உண்டு. 720க்கு 576, புள்ளிக்கு இரண்டு பைட், நொடிக்கு 25 படம்: நொடிக்கு 20.7 எம்.பி. அதே யூஎஸ்பி ஹப்பில் வெளித் தட்டையும் மாட்டி அதிலேயே எழுதினால் நெரிசலில் படம் உதிரும். டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் கெர்னல் அதைப் புகார் செய்துகொண்டே இருக்கும், பார்ப்பவர் குறைவு. சுருக்காமல் வைத்தால் மூன்று மணி நேரம் 224 ஜி.பி. ஆகும். எஃப்எஃப்வி1 என்ற முறை ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அதை வெகுவாகச் சுருக்கும். 2021இல் இணையப் பொறியியல் அமைப்பு அதன் விதிகளை ஆவணமாக வெளியிட்டது. காப்பகங்கள் நம்பும் முறை அது.

இவ்வளவு பொறுமை எதற்கு, இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கிவிடுகிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆக்குகிறது. ஒரு கூத்துத் துண்டைக் கொடுத்து வாங்கிப் பார்த்தேன். துரியோதனனின் புருவம் கூர்மையாக வந்திருந்தது. ஆனால் அது அந்த ஜமாவின் புருவம் அல்ல. கூத்து முகத்தில் ஒவ்வொரு கோடும் எழுதப்படுவது. நெற்றியில் நாமம் எப்படி வளைகிறது, கன்னத்துப் புள்ளிகள் எங்கே நிற்கின்றன என்பதெல்லாம் ஊருக்கு ஊர், வாத்தியாருக்கு வாத்தியார் வேறுபடும். 240 கோட்டு டேப்பில் மங்கலாக இருந்ததை மென்பொருள் எங்கிருந்தோ கற்ற முகங்களால் நிரப்பிவிட்டது. பார்ப்பவருக்கு இது நிரப்பியது என்று தெரியவே தெரியாது. மங்கல் ஓர் உண்மையைச் சொல்கிறது: இதற்கு மேல் தெரியவில்லை. அந்த ஒப்புதலை அழிக்க எனக்கு உரிமையில்லை என்று நினைக்கிறேன்.

நிறத்திருத்தத்திலும் இதே ஆபத்து. பெரும்பாலான மென்பொருள்கள் தானாக வெள்ளையைச் சமன்செய்யும். கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்போது முடியும். முதல் இரண்டு கேசட்டில் எல்லாம் வீடியோ லைட்டின் மஞ்சள். மூன்றாவதன் பின்பாதியில் ஓரங்களிலிருந்து நீலம் ஏறத் தொடங்கும். முகங்களில் அரிதாரம் வெளிறும், வேர்வையில் கோடுகள் கலைந்திருப்பது தெரியும், பின்னால் பனைமரங்கள் கருப்பாக எழுந்து வரும். ஆடுபவர் எட்டு மணி நேரம் ஆடிவிட்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு டேப்பில் உள்ள ஒரே சாட்சி அந்த நீலம். தானியங்கித் திருத்தம் அதைப் பழுது என்று கருதி மஞ்சளாக்கிவிடும். ஐஹொளேயில் ரவிகீர்த்திக்குத் தன் அரசனின் பக்கம் இருந்தது. மென்பொருளுக்கு அழகின் பக்கம் இருக்கிறது. பக்கம் சாய்ந்த பதிவு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எனக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும் இரண்டு கோப்புகள். ஒன்று, டேப்பிலிருந்து வந்தபடி: அடிக்கோட்டோடு, பல்லோடு, சோகையோடு. இன்னொன்று வீட்டார் பார்ப்பதற்கு: பல் நீக்கி, அடி வெட்டி, வெளிச்சம் ஏற்றி, 4க்கு 3 என்ற அகலம் மாறாமல். முதலாவதன் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்துக்கோப்பு. எந்த டெக், எந்த வயர், எந்தச் சில்லு, எந்தக் கெர்னல், வெளிச்சம் கான்ட்ராஸ்ட் நிறம் எந்த எண்ணில், நடுவில் எந்தக் கருவி, எங்கே படம் விட்டது, எது டேப்பின் பழுது, எது பழுதல்ல என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரியம்மாவுக்கு இரண்டாவதைத்தான் போட்டுக் காட்டினேன். “இப்பத்தான் சரியா கீது” என்றார். அவருக்கு அதுவே சரி.

டெக்குகள் குறைந்துகொண்டே போகின்றன. உலகில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. 2025க்குள் டிஜிட்டலாக மாற்றாத காந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை இழக்கப்பட்டுவிடும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. இங்கே மழைக்கால ஈரத்தில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடுகிறது. கேசட்டின் ஜன்னல் வழியே சுருளின் ஓரத்தில் பார்த்தால் தெரியும். அப்படித் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது, தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

வேலை முடிந்ததும் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன். இனி இது எதற்கு, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். காரணம் இருக்கிறது. டெக்கின் தலையிலிருந்து வரும் கச்சா அலையை, டெக்கின் படமாக்கும் சுற்றுகள் தொடும் முன்பே, அப்படியே உறிஞ்சி எடுத்து, அந்தச் சுற்றுகள் செய்யும் வேலையைப் பின்னால் மென்பொருளில் செய்யும் முறை வந்துவிட்டது. வி.எச்.எஸ்.-டிகோட் என்று அதற்குப் பெயர். அதற்கு வேண்டிய கருவிகளில் மலிவானது, சிஎக்ஸ்2388 குடும்பச் சில்லு உள்ள ஒரு பழைய டிவி கார்டு. லினக்ஸில் சிஎக்ஸ்ஏடிசி என்ற டிரைவர் அந்தக் கார்டைப் படம் பார்ப்பதை மறக்கச் செய்து, நொடிக்கு 2.8 கோடிக்கு மேற்பட்ட முறை அலையை அளந்து எழுத மட்டும் வைக்கிறது. நெளிவைக் கோப்பிலேயே கணக்கிட்டு நேராக்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி கணக்கிடலாம். டெக்கைத் திறந்து சரியான புள்ளியில் வயரைப் பற்றவைக்க வேண்டும். அதற்கான பழைய டெக் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் அந்த மூன்று கர்ண மோட்சக் கேசட்டுகளைத் திரும்ப வாங்கி வர வேண்டும். அதுவரை அவற்றை நின்றவாக்கில், முழுக்கச் சுற்றிய நிலையில், ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல், சுவரின் ஈரம் படாத தட்டில் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.